அட்டை இருக்கிறது, பேர் இல்லை

தேர்தல் வேலைக்குப் போய்வந்த ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஒரே ஆளைப் பற்றித்தான் சொல்வார்கள். காலைக் கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் வருவார். சட்டைப் பையில் வாக்காளர் அடையாள அட்டை பத்திரமாக இருக்கும். முதல் மேசையில் உட்கார்ந்திருக்கும் பி.ஓ.1, அதாவது முதல் வாக்குப்பதிவு அலுவலர், வாக்காளர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஐயா, உங்க பேர் இதுல இல்லையே" என்பார். "கார்டு இருக்குதுங்களே" என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார் அவர். பக்கத்துப் பூத்திலும் தேடச் சொல்வோம். அங்கேயும் இருக்காது. போன தேர்தலில் இதே பள்ளிக்கூடத்தில் இதே அறையில் ஓட்டுப் போட்டவராக இருப்பார். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எதிரில் இருக்கும் எங்கள் மேல் கோபப்பட்டுவிட்டுப் போவார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஓட்டுப் போடும் உரிமை பட்டியலில் இருக்கும் பேரோடு ஒட்டியது. பட்டியலில் இருக்கும் அந்தப் பேருக்குரிய ஆள் இவர்தான் என்று காட்டுவதோடு அட்டையின் வேலை முடிந்தது. பேர் இருந்து அட்டை இல்லாதவருக்கு வேறு பன்னிரண்டு ஆவணங்கள் கைகொடுக்கும். அட்டை இருந்து பேர் இல்லாதவருக்கு ஒன்றுமே கிடையாது. ஊரில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள், படித்தவர்களும் சேர்த்துத்தான்.

ஓட்டுப் போட வருபவரிடம் அடையாளச் சான்று கேட்கலாமா கூடாதா என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடக்கும் சண்டையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வருவார். வாசலில் கேட்கலாமா என்ற கேள்வியை நாம் முப்பது வருஷத்துக்கு முன்பே கடந்துவிட்டோம். நம்முடைய சண்டை வாசலுக்கு வருவதற்கு முன்பே, பட்டியலில் நடக்கிறது.

முதலில் வாசலைப் பார்த்துவிடலாம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் முதல் மேசையில் இருந்தபோது ஒரு ஆயா வந்தார். கையில் தொண்ணூறுகளில் கொடுத்த அட்டை. கறுப்பு வெள்ளைப் படம், ஓரமெல்லாம் பிரிந்துபோன லேமினேஷன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிற மூட்டம் மட்டும். அட்டையில் "அம்மாள்" என்று முடியும் பேர், பட்டியலில் "அம்மா" என்று முடிந்தது. வயதும் ஒத்துவரவில்லை. நான் அட்டையையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பூத் ஏஜென்ட்டுகளில் ஒருவர், "மேலத்தெரு ஆயா டீச்சர், போட விடுங்க" என்றார். அவருக்கு நேர் எதிர்க்கட்சியின் ஏஜென்ட், "ஆமா டீச்சர், எங்க பெரியம்மா மொறைதான்" என்றார். காலையிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எழுத்துப் பிழை, சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஆள் இவர்தான் என்று தெரிந்தால் போதும் என்று எங்களுக்குத் தரும் கையேடே சொல்கிறது. சத்தமாக வரிசை எண்ணையும் பேரையும் படித்தேன், ஏஜென்ட்டுகள் அவரவர் தாளில் கோடு போட்டார்கள், ஆயா அடுத்த மேசைக்கு மை வைத்துக்கொள்ளப் போனார்.

(படத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, என்னுடைய அட்டையும் ஒன்றும் உசத்தி இல்லை. அதில் இருப்பது நான்தான் என்று யாராவது சத்தியம் செய்துதான் ஆக வேண்டும்.)

பேரைச் சத்தமாகப் படிப்பது சும்மா சடங்கு இல்லை. நம் சாவடியில் உண்மையான சரிபார்ப்பு அங்கேதான் நடக்கிறது. தாளை நான் பார்க்கிறேன், ஆளை ஏஜென்ட்டுகள் பார்க்கிறார்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் ஆட்சேபிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: தேர்தல் நடத்தை விதிகள், 1961 எழுதப்பட்டபோது நிர்ணயித்த இரண்டு ரூபாய். பணத்தைச் சாவடிக்குப் பொறுப்பான பிரிசைடிங் ஆபீசரிடம் கட்டிவிட்டு, இவர் அந்த ஆள் இல்லை என்பதற்கு ஆட்சேபித்தவர்தான் முதலில் ஏதாவது காட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால் வந்தவர் ஓட்டுப் போடுவார். வீண் ஆட்சேபனை என்று தெரிந்தால் இரண்டு ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விடும். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு டீ கூட வராது. ஆனாலும் அந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை. சந்தேகப்படுகிறவன்தான் முதலில் பையில் கை விட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பிறகு அந்த மை. மைசூரில் இருக்கும் அரசு நிறுவனம் தயாரிப்பது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து நம் விரல்களில் ஏறிக்கொண்டிருக்கிறது. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு வெயில் பட்டால் கறுத்து, நகம் வளர்ந்து போனால்தான் போகும். மை யாரிடமும் நீ யார் என்று கேட்பதில்லை. எவராக இருந்தாலும் ஒரு ஓட்டோடு நிறுத்திவிடும். கள்ள ஓட்டைத் தடுத்ததில் அட்டைக்கு எவ்வளவு பங்கோ மைக்கும் அவ்வளவு பங்கு என்பது என் கணக்கு. என்ன, மையைப் பற்றி யாரும் டிவியில் விவாதம் நடத்துவதில்லை.

அட்டையின் கதை நினைப்பதைவிடப் பழையது. 1960இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்காக, பரீட்சார்த்தமாக வாக்காளர்களைப் படம் பிடித்து அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். பல மாதம் அலைந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களைப் படம் எடுக்கவே முடியவில்லை. பல பெண்கள் கேமரா முன் நிற்க மறுத்தார்கள். திட்டம் தூங்கிப்போனது. 1979இல் சிக்கிம் சட்டமன்றத் தேர்தலில் அட்டை எட்டிப் பார்த்தது. நாடு முழுக்க அதைக் கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றவர் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன். 1993இல் உத்தரவு போட்டார். 1995 ஜனவரி 1க்குள் அட்டை கொடுக்காவிட்டால் அதன்பிறகு தேர்தலே நடத்த மாட்டேன் என்றார். மாநில அரசுகள் செலவைச் சொல்லி முனகின. அட்டை இல்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. கடைசியில் அட்டையும் வந்தது, தேர்தலும் நடந்தது.

அந்த இழுபறியில் ஒரு நல்ல விஷயம் தானாக அமைந்துவிட்டது. அட்டை கொடுப்பது அரசின் வேலை என்று ஆனது. பள்ளிக்கூடத்தில் கேமராவை வைத்து, தண்டோரா போட்டு, ஊரையே வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, இலவசமாகக் கொடுத்தார்கள். அது வந்து சேராதவர்களுக்காக மாற்று ஆவணங்களின் பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், பான், ஓட்டுநர் உரிமம், ஆதார் என்று போகும் வரிசையில் நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது, படம் ஒட்டிய தபால் ஆபீஸ் பாஸ்புத்தகம் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது, ஓய்வூதிய ஆவணம் இருக்கிறது. ஏழைகளின் டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். குறையே இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கும் ரேஷன் ஸ்மார்ட் கார்டு அதில் இல்லை. 2019இலிருந்து பூத் சிலிப் மட்டும் போதாது என்று ஆகிவிட்டது, ஆனால் அது இன்னும் பலருக்குத் தெரியாது. சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு ஓடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. வீடு பக்கத்துத் தெருவில் இருப்பதால் திரும்பி வந்தும் விடுகிறார்கள்.

இதே பட்டியலை வேறு மாதிரியும் எழுதலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2011இல் கொண்டுவந்த சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. அந்தச் சட்டம் கேட்ட எந்த அட்டையும் இல்லாமல் பட்டியலில் மட்டும் இருந்த வாக்காளர்கள் சுமார் 6 லட்சம் பேர் என்று 2014இல் அங்கே ஒரு மத்திய நீதிமன்றம் கண்டது. பிரிட்டனில் 2022 சட்டத்தின்படி முதியோரின் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் சலுகை அட்டை செல்லாது. எந்த வயதுக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இதை எழுதவில்லை என்று நம்பச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். அந்தச் சட்டத்துக்கு முன், 2019இல், வாக்குச்சாவடி ஆள்மாறாட்டத்துக்காக பிரிட்டன் முழுவதிலும் ஒருவருக்குத் தண்டனை, ஒருவருக்கு எச்சரிக்கை. சட்டம் வந்தபின் 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் சான்று இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு வராமலே போனவர்கள் 14,000 பேர் என்று அந்த நாட்டுத் தேர்தல் ஆணையமே கணக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, சட்டம் கொண்டுவந்த அரசின் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனே சான்றை மறந்து வந்து திருப்பி அனுப்பப்பட்டார். அவர் திரும்பி வந்து போட்டுவிட்டார் என்பது வேறு.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட மனதில் தங்கியது இந்தியானா மாநிலத்தில் நடந்தது. அங்கே 2005இல் வந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் உறுதிசெய்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றில் வாக்குச்சாவடி ஆள்மாறாட்டம் ஒன்றுகூட நடந்ததற்கு வழக்கில் ஆதாரம் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டுத்தான் சட்டம் செல்லும் என்றார்கள். சில நாள் கழித்து, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மே மாதம் நடந்த முதல்கட்டத் தேர்தலில், சவுத் பெண்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு மடத்தைச் சேர்ந்த வயதான கன்னியாஸ்திரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட வந்தார்கள். எண்பது, தொண்ணூறு வயது. வண்டி ஓட்டுவதை எப்போதோ விட்டவர்கள், அதனால் உரிமம் இல்லை. சாவடியில் இருந்த ஊழியர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்த ஊழியரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரி. அவர்கள் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது சட்டத்தில் கணக்கில்லை.

எங்கள் மேலத்தெரு ஆயா அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பத்து வருஷத்தில் தேர்தல் ரத்தான இடங்களை எண்ணிப் பாருங்கள்: 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. ஒன்றுகூட ஆள்மாறாட்டத்தால் ரத்தானதில்லை, எல்லாமே பணத்தால். அடையாள அட்டை பையிலிருந்து வெளியே வரும்போது அதே பையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த விதியும் கிடையாது. தேர்தல் தூய்மை என்றாலே அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இனி பட்டியல்.

2025 ஜூன் 24 அன்று பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. எஸ்.ஐ.ஆர். என்று இன்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். 2003 பட்டியலில் இல்லாதவர்கள் தங்கள் பிறப்பையும், வயதைப் பொறுத்துப் பெற்றோரின் பிறப்பையும் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பதினோரு ஆவணங்களின் பட்டியல் கொடுத்தார்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், மெட்ரிக் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நிலம் அல்லது வீடு ஒதுக்கிய ஆணை என்று போகும். ஆதார் இல்லை. ரேஷன் கார்டு இல்லை. தேர்தல் ஆணையமே அச்சடித்துக் கொடுத்த வாக்காளர் அட்டை இல்லை. பட்டியலை வைத்துத்தான் அட்டை தயாராகிறது, அதனால் பட்டியலைச் சரிபார்க்க அட்டையையே சான்றாகக் கொள்ள முடியாது என்பது ஆணையத்தின் வாதம். தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை என்பதும் சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் கடைசியில் என்ன ஆயிற்று என்றால், ஓட்டுப் போட எந்தத் தாள் போதுமோ அந்தத் தாள் வாக்காளராக நீடிக்கப் போதவில்லை. நூறு நாள் வேலை அட்டையைச் சேர்த்து எழுதிய அந்தக் கை இந்தப் பட்டியலை எழுதவில்லை.

ஆகஸ்ட் 1 வரைவில் 65 லட்சம் பேர் இல்லை. அவர்கள் யார், எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டார்கள் என்பதையே உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று உத்தரவிட்ட பிறகுதான் தேடிப் பார்க்கும் வகையில் வெளியிட்டார்கள். செப்டம்பர் 8 அன்று ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கச் சொன்னதும் நீதிமன்றம்தான். 1995இல் லால் பாபு ஹுசேன் வழக்கில், ஏற்கெனவே பட்டியலில் இருந்தவரை முறையான விசாரணை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது வழக்கறிஞர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அந்த இரண்டு ரூபாய்தான் நினைவுக்கு வந்தது. சாவடியில் சந்தேகப்படுகிறவர் காசு கட்டுகிறார். இங்கே சந்தேகப்படுவது அரசு, தாள் தேடி அலைவது சந்தேகத்துக்கு ஆளானவர்.

நவம்பர் 4 அன்று அது தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கே பீகார் அளவுக்குக் கெடுபிடி இல்லை. பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீட்டுக்குப் படிவம் கொண்டுவருவார், நிரப்பிக் கொடுத்தால் வரைவில் பேர் வந்துவிடும், ஆவணம் பிறகு கேட்டால் போதும் என்றார்கள். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, அ.தி.மு.க. ஆதரித்தது, எதிர்பார்த்ததுதான். முதலில் டிசம்பர் 4 கடைசி நாள், பிறகு 11, பிறகு 14. நடுவில் டிட்வா புயல் மழை. டிசம்பர் 19 வரைவு வந்தபோது 6.41 கோடி 5.43 கோடியாகியிருந்தது. நீங்கிய 97 லட்சத்தில் இறந்தவர்கள் சுமார் 26.9 லட்சம். இரட்டைப் பதிவு 3.4 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதி 66 லட்சம் பேர் முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள்.

இறந்தவர்கள் கணக்கை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். தேர்தல் நாளில் எங்களுக்கு ஒரு தனித் தாள் தருவார்கள், வராதவர், மாறியவர், இறந்தவர் பட்டியல். அதில் இருக்கும் பேரில் யாராவது வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். சில பூத்துகளில் அது அவ்வளவு நீளம் இருக்கும். அடக்கம் செய்து பத்து வருஷம் ஆனவர் பேர் இன்னும் ஓட்டுக்காகக் காத்திருக்கும். பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். இறப்புப் பதிவேடும் வாக்காளர் பட்டியலும் இரண்டும் அரசாங்கத்திடம்தானே இருக்கின்றன, உயிரோடு இருப்பவர்கள் எல்லோரையும் படிவம் நிரப்பச் சொல்லித்தான் இறந்தவரைக் கண்டுபிடிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இடிப்பது அந்த 66 லட்சம். அந்த வரைவில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கும் மேல் போயிருந்தது. கிராமத்தில் பி.எல்.ஓ. பெரும்பாலும் அந்த ஊர் அங்கன்வாடி டீச்சராகவோ பக்கத்து ஊர்க்காரராகவோ இருப்பார். கதவு பூட்டியிருந்தால், "திருப்பூர் போயிருக்காங்க, பொங்கலுக்கு வந்துடுவாங்க" என்று எதிர்வீட்டில் சொல்வார்கள். வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டுக்காரருக்கே உங்கள் பேர் தெரியாது. மூன்று முறை மணி அடித்தும் கதவு திறக்கவில்லை என்றால் நீங்கள் இடம் மாறியவர். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் வாடகைக்காரர், சைட்டிலேயே தங்கும் கட்டட வேலைக்காரர், ஷிஃப்டுக்குப் போகும் ஆள், இவர்களைத் தெரிந்தவர் என்று சொல்ல அந்தத் தெருவில் யாருமில்லை. தாளால்தான் அவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள முடியும். தாளே மற்றவர்களைவிட அவர்களிடம்தான் குறைவு.

பெண்களுக்கு வேறு ஒரு தொல்லை. 2002, 2005 பழைய பட்டியலில் உங்கள் பேர் இருந்தால் அந்த விவரத்தை எழுத வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் விவரம். கணவர் பேர் அதற்குச் செல்லாது. கல்யாணமாகி வேறு மாவட்டம் வந்து, பிள்ளைகளுக்கே ஓட்டு வயது வந்துவிட்ட என் சக ஆசிரியை ஒருவர், அப்பாவின் பேரைத் தேடிப் பிறந்த ஊர்ப் பட்டியலைத் திறந்து உட்கார்ந்தார். 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தைய பட்டியல் அது. அந்தத் தொகுதிப் பேர் இப்போது கிடையாது. அண்ணனுக்குப் போன் போட்டால் அண்ணனுக்கும் பாகம் எண் தெரியவில்லை. அப்பா இல்லை. ஸ்கேன் செய்த பக்கங்களை ஒன்றொன்றாக நகர்த்திப் பழைய கதவு எண்ணைக் கண்டுபிடித்தபோது, அதற்கு நேரே அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். "செத்துப்போன மனுஷன் பேர் இருந்தாத்தான் எனக்கு ஓட்டாம்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்பினார். அவருக்குக் கணினி தெரியும், லீவு போட முடிந்தது. முதல் பொதுத்தேர்தலில், 1951-52இல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் எழுதி, சொந்தப் பேர் சொல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, பெரும்பாலும் வட மாநிலங்களில். அன்றைய தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கண்டிப்பாக இருந்தார் என்பார்கள். அன்றைக்குக் கணவர் பேர் மட்டும் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. பெண் எந்த வீட்டுக்காரி என்று அரசாங்கத்துக்கு இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது.

பட்டியலோடு தாளைக் கட்டிப்போட்டால் எதுவரை போகும் என்பதற்குத் தமிழர்களுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். 1947இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த மலையகத் தமிழர்கள் ஓட்டுப் போட்டார்கள். நுவரெலியாவில் அவர்களின் தலைவர் தொண்டமான் ஜெயித்தார். 1948 குடியுரிமைச் சட்டம் அப்பாவோ, இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனிடம் ஏது தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ்? அடுத்த ஆண்டில் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதிகள் யாரும் பாராளுமன்றத்துக்குப் போக முடியவில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் மேல் சட்டம் போட வேண்டியிருந்தது. பீகாரும் தமிழ்நாடும் மலையகம் ஆகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. அங்கே நோக்கமே அதுவாக இருந்தது. ஆனால் "அப்பாவின் தாளைக் காட்டு" என்ற வாக்கியத்தைக் கேட்டதும் ஒரு தமிழருக்குக் காது விடைக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

என் மைத்துனர் கேட்டார்: "அப்ப கார்டே வேணாங்கறீங்களா அண்ணி? யார் வேணா வந்து போட்டுட்டுப் போகலாமா?" சாவடியில் அட்டை கேட்பதை நான் எதிர்க்கவில்லை. நான்தானே முதல் மேசையில் உட்கார்ந்து கேட்கிறவள். இலவசமாகக் கொடுத்து, இல்லாதவருக்குப் பன்னிரண்டு வழி வைத்து, எழுத்துப் பிழையை மன்னித்து, ஆட்சேபிக்கிறவரிடம் காசு வாங்கும் ஏற்பாடு அது. அதனால்தான் டெக்சாஸில் நடந்தது நம் சாவடியில் நடக்கவில்லை. பட்டியல் திருத்துவதிலும் அதே பெரிய மனதைக் காட்டுங்கள் என்கிறேன்.

செய்ய முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. சாவடியில் செல்லும் ஆவணம் பட்டியலுக்கும் செல்லட்டும், சந்தேகம் இருந்தால் அதிகாரி விசாரிக்கட்டும். இடம் மாறியவர் என்று நீக்கும் முன் பதிவுத் தபாலோ, இருக்கும் செல்போன் எண்ணுக்குச் செய்தியோ போகட்டும். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கினாலே போனில் செய்தி வரும் ஊர் இது. நீக்கியவர்களின் பேரைக் காரணத்தோடு வெளியிட நீதிமன்றம் வரை இழுக்க வேண்டாம். அந்தப் பட்டியலையும் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் பலகையில் பழைய ஏல அறிவிப்புக்கு மேல் ஒட்டாதீர்கள், அங்கே வேலை இருப்பவர்தான் போவார். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். மாசத்தில் ஒருமுறையாவது ஊர் அங்கே வந்து வரிசையில் நிற்கிறது. பருப்பு வரும்வரை படித்துக்கொண்டிருப்பார்கள். தன் பேர் இல்லாவிட்டால் தானே பார்ப்பார்கள், பார்க்கத் தெரியாதவருக்குப் பின்னால் நிற்பவர் சொல்லுவார்.